முதல் இணையதளம்: வாசகர் கேள்வி – பதில்

சொந்தமாக ஓர் இணையதளம் தொடங்க விரும்பும் வாசகர்கள் எழுதிய கடிதங்களைப் படித்தபோது, பெரும்பாலோர் ஒரே சில இடங்களில்தான் தடுமாறி நிற்கிறார்கள் என்பது தெரிந்தது. அந்த இடங்களைத் தொடும் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பல ஆண்டுகளாக எழுதிவைத்த இலக்கணக் குறிப்புகளை ஓர் இணையதளமாக வெளியிட விரும்புகிறேன். கணினி மொழி எதுவும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது? முதலில் எதை வாங்க வேண்டும்?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். கணினியில் ஏற்கெனவே இருக்கும் நோட்பேட் போன்ற எளிய எழுதும் செயலியும் ஓர் உலாவியும் இருந்தால், முதல் பக்கத்தை இன்று மாலையே எழுதிப் பார்த்துவிடலாம். அதற்கு இணைய இணைப்புகூடத் தேவையில்லை.

இணையதளம் என்றாலே விளங்கிக்கொள்ள முடியாத பெரிய ஏற்பாடு என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. உள்ளபடியே அது ஒரு கோப்புறைக்குள் இருக்கும் சில கோப்புகள்தான். செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் உலகளாவிய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1991இல் வெளியுலகுக்குத் தெரியவந்த முதல் இணையதளத்தில் எழுத்துகளும் இணைப்புகளும் மட்டுமே இருந்தன. செர்ன் மீட்டெடுத்து வைத்திருக்கும் அந்தப் பக்கங்களை இன்றைய உலாவியிலும் எந்தச் சிக்கலும் இல்லாமல் படிக்க முடிகிறது. நீங்கள் எழுதப்போகும் பக்கமும் அதே எச்டிஎம்எல் மொழியின் வழிவந்ததுதான்.

எச்டிஎம்எல்லை மொழி என்று சொன்னாலும், அது கணக்குப் போடும் மொழி அன்று. இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல் என்று உரையின் உறுப்புகளுக்குப் பெயரிடும் முறை. இலக்கணம் கற்பித்தவருக்கு இந்த வேலை கைவந்த வேலையாகவே இருக்கும் என்று நம்புகிறேன். கோண அடைப்புக்குறிகளுக்குள் எழுதப்படும் குறிகளில் எச்1 என்பது பெருந்தலைப்பு, எச்2 துணைத்தலைப்பு, பி பத்தி, ஏ இணைப்பு, ஐஎம்ஜி படம், ஓஎல் எண்ணிட்ட பட்டியல், எல்ஐ அந்தப் பட்டியலின் ஒவ்வோர் உருப்படி. தொடங்குவதற்கு இவ்வளவு போதும்.

வேற்றுமை பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'வேற்றுமை' என்ற சொல்லை எச்1 குறிகளுக்கு இடையிலும், இரண்டு வரி முன்னுரையைப் பி குறிகளுக்கு இடையிலும் எழுதுங்கள். அதன் கீழே எண்ணிட்ட பட்டியலாக எட்டு வேற்றுமைகளையும் அடுக்கி, ஒவ்வொன்றையும் ஏ குறியால் அதனதன் தனிப் பக்கத்தோடு இணைத்துவிடுங்கள். இந்த முகப்புப் பக்கத்தை 'இண்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல்' என்ற பெயரில், சிறிய ஆங்கில எழுத்துகளில் சேமிக்க வேண்டும். ஒரு தளத்தின் வாசலுக்கு யாராவது வந்தால் சர்வர், அதாவது தளத்தை வைத்திருக்கும் கணினி, வழக்கமாக முதலில் தேடி எடுத்துக் கொடுப்பது இந்தப் பெயருள்ள கோப்பைத்தான். சேமித்த கோப்பை இருமுறை சொடுக்கினால் உலாவியில் பக்கம் திறக்கும். தோற்றம் வெறுமையாகத்தான் இருக்கும். அதனால் மனம் தளர வேண்டாம். நிறம், எழுத்தளவு, வரி இடைவெளி ஆகியவற்றைக் கவனிக்கும் சிஎஸ்எஸ் என்ற தனி மொழியை அடுத்த வாரம் கற்றுக்கொள்ளலாம். பக்கத்தில் அசைவுகளையும் செயல்களையும் சேர்க்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழி உங்கள் தளத்துக்கு ஒருவேளை தேவைப்படாமலே போகலாம்.

ஒன்றை மட்டும் முதல் நாளிலிருந்தே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தலைப்பைத் தலைப்புக்குரிய குறியால்தான் எழுத வேண்டும். பத்தியைத் தடித்த எழுத்தாக்கித் தலைப்புபோலக் காட்டக் கூடாது. கண்பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் இந்தக் குறிகளை வைத்துத்தான் ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவுகிறது. குறி இல்லையென்றால், ஏழாம் வேற்றுமையைத் தேடி வரும் ஒரு மாணவர் பக்கம் முழுவதையும் முதலிலிருந்து கேட்டாக வேண்டும்.

கேள்வி: நீங்கள் சொல்வதுபோல ஏற்கெனவே ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். எழுதும்போது தமிழாகத் தெரிந்தது, உலாவியில் திறந்தால் புரியாத குறிகளாக மாறிவிடுகிறது. கைப்பேசியில் பார்த்தால் எழுத்து எறும்பளவு சிறியதாக இருக்கிறது. எங்கே தவறு?

பதில்: இரண்டுக்கும் காரணம், பக்கத்தின் தலைப்பகுதியில், அதாவது உலாவிக்கான குறிப்புகளை எழுதும் 'ஹெட்' குறிகளுக்கு இடையில், இருக்க வேண்டிய இரண்டு வரிகள் இல்லாததுதான்.

முதலாவது, எழுத்துக் குறியாக்கத்தை அறிவிக்கும் வரி. யூனிகோடு எழுத்துகளைக் கோப்பில் பதிந்துவைக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் இடம் எடுத்துக்கொள்கிறது. 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகள் இருப்பதால் மொத்தம் 15 பைட். இதை உலாவிக்குச் சொல்லாமல் விட்டால், ஒவ்வொரு பைட்டையும் ஒரு தனி ஐரோப்பிய எழுத்தாக அது எடுத்துக்கொள்ளக்கூடும். மூன்றெழுத்துச் சொல் ஒரு முழ நீளக் கிறுக்கலாவது அப்படித்தான். மெட்டா குறியில் 'சார்செட்' என்ற பண்புக்கு 'யூடிஎஃப்-8' என்ற மதிப்பைக் கொடுத்து, கோப்பைச் சேமிக்கும்போதும் அதே முறையைத் தேர்ந்தெடுத்தால் சிக்கல் தீரும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கட்டுரைகளுக்கு இந்த வரி உதவாது; அவற்றை எழுத்துரு மாற்றி மூலம் யூனிகோடாக்கி, வரிவரியாக மெய்ப்புப் பார்த்த பிறகே பக்கத்தில் ஏற்ற வேண்டும். அந்த மெய்ப்பைத் தவிர்க்க வழியில்லை.

இரண்டாவது, 'வியூபோர்ட்' வரி. அது இல்லாவிட்டால் கைப்பேசி உலாவி, பக்கம் கணினித் திரைக்காக எழுதப்பட்டது என்று கருதி, ஏறக்குறைய 980 பிக்சல் அகலத்தில் அமைத்து அதைத் தன் சிறிய திரைக்குள் சுருக்கிக் காட்டும். பக்கத்தின் அகலம் சாதனத்தின் அகலமே என்று அந்த ஒரு வரியில் சொல்லிவிட்டால் எழுத்து இயல்பான அளவுக்கு வந்துவிடும். தலைப்பகுதியில் இருக்கும்போதே, எச்டிஎம்எல் குறியின் 'லாங்' பண்பில் தமிழுக்குரிய 'டிஏ' என்ற குறியீட்டையும் சேர்த்துவிடுங்கள். மென்பொருள்கள் இது தமிழ்ப் பக்கம் என்று அறிய அது உதவும்.

கேள்வி: டொமைன், ஹோஸ்டிங் என்று இரண்டுக்கும் தனித்தனியாகக் கட்டணம் கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே? தெரிந்த ஒருவர் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். ஒப்படைத்துவிடலாமா?

பதில்: இரண்டும் ஒன்றல்ல. ஹோஸ்டிங் என்பது உங்கள் கோப்புகள் குடியிருக்கும் இடம். டொமைன் என்பது அந்த இடத்துக்கு வழிகாட்டும் பெயர்.

கோப்புகள் உங்கள் கணினியிலேயே இருந்தால் நீங்கள் கணினியை அணைத்ததும் தளமும் மறைந்துவிடும். ஆகவே இரவு பகல் அணையாமல், கேட்பவருக்கெல்லாம் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் ஒரு கணினி வேண்டும். அதைத்தான் சர்வர் என்கிறோம். பெர்னர்ஸ்-லீயின் முதல் சர்வர் அவருடைய மேசையில் இருந்த நெக்ஸ்ட் கணினிதான். இது சர்வர், அணைத்துவிடாதீர்கள் என்று சிவப்பு மையால் எழுதி அதன்மேல் ஒரு தாளை ஒட்டிவைத்திருந்தார். இன்று அந்தக் காவல் வேலையைத்தான் ஹோஸ்டிங் நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்கின்றன.

ஒவ்வொரு சர்வருக்கும் ஓர் எண் முகவரி உண்டு. எண்களை மனிதர்கள் நினைவில் வைத்திருக்க முடியாது என்பதால், பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தரும் டிஎன்எஸ் என்ற ஏற்பாட்டை 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். நீங்கள் டொமைன் பெயரைப் பதிவு செய்யும்போது, அந்தப் பெயர் எந்த எண்ணைச் சுட்ட வேண்டும் என்று சொல்லும் உரிமை உங்களுக்குக் கிடைக்கிறது. அது விலைக்கு வாங்குவதன்று, குத்தகை. டாட் காம் போன்ற பெயர்களை ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குப் பதியலாம், பிறகு புதுப்பிக்க வேண்டும். ஹோஸ்டிங் நிறுவனம் பிடிக்கவில்லையென்றால் கோப்புகளை எடுத்துக்கொண்டு வேறிடம் போய், பெயர் சுட்டும் எண்ணை மாற்றிவிடலாம். புதிய முகவரி எங்கும் தெரிய சில மணி நேரம் ஆகலாம், சில வேளை இரண்டு நாள்வரை இழுக்கும், ஆனால் உங்கள் வாசகர்கள் தட்டச்சு செய்யும் பெயர் மாறாது.

அதனால்தான், வேலையை ஒப்படையுங்கள், பெயரை ஒப்படைக்காதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். எனக்கு நெருக்கமான சிறு பதிப்பாளர் ஒருவருக்கு நடந்தது இது. தளத்தை அமைத்துக் கொடுத்தவர் நல்லவர்தான். ஆனால் டொமைனைத் தன் சொந்தக் கணக்கில், தன் மின்னஞ்சலில் பதிந்திருந்தார். சில ஆண்டுகளில் அவர் தொழிலை மாற்றிக்கொண்டு அந்த மின்னஞ்சலைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்புகள் யாரும் திறக்காத பெட்டியில் கிடந்தன. காலாவதியான பெயரை முன்பின் அறியாத ஒருவர் பதிந்துகொண்டார். பதிப்பாளர் வெளியிட்ட எல்லாப் புத்தகங்களின் பின்னட்டையிலும் அந்த முகவரி அச்சாகியிருந்தது. இன்று அதைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் திறக்கிறது. அச்சான அட்டைகளை அவரால் திரும்பப் பெற முடியவில்லை. கையிருப்பில் இருந்த படிகளில் மட்டும் ஒவ்வொன்றாகத் தாள் ஒட்டிக்கொண்டிருந்ததை நேரில் பார்த்தேன்.

ஆகவே டொமைன் பெயர்களைப் பதிந்து தரும் பதிவாளர் நிறுவனத்தில் உங்கள் பெயரில் கணக்குத் தொடங்கி, நீங்கள் நாள்தோறும் பார்க்கும் மின்னஞ்சலைக் கொடுங்கள். அந்த மின்னஞ்சல் இதே டொமைனைச் சார்ந்ததாக இருக்கக் கூடாது. டொமைன் முடங்கினால் அஞ்சலும் முடங்கிவிடும். பதிந்தவுடன் வரும் சரிபார்ப்பு அஞ்சலைத் தள்ளிவைக்க வேண்டாம். டாட் காம் போன்ற பொதுவான பெயர்களுக்கு 15 நாட்களுக்குள் உறுதி செய்யாவிட்டால் பெயரை நிறுத்திவைக்க டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பின் விதி இடமளிக்கிறது. தானியங்கிப் புதுப்பிப்பையும் கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பையும் கேட்கும் இரட்டைப் பூட்டுள்ள உள்நுழைவையும் இயக்கிவிடுங்கள். தளம் அமைப்பவருக்கு ஹோஸ்டிங் கணக்கில் தனி அனுமதி கொடுத்தால் போதும், அவருடைய வேலை நடக்கும்.

கேள்வி: தமிழிலேயே டொமைன் பெயர் வைத்துக்கொள்ள முடியுமா?

பதில்: முடியும். தமிழ் எழுத்தில் முடியும் பெயர்களும் உண்டு; டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் ஆகியவை தமிழிலேயே இருக்கின்றன. டிஎன்எஸ் உள்ளுக்குள் இவற்றை ஆங்கில எழுத்துகளாலான ஒரு மாற்றுருவில்தான் கையாளுகிறது. சில செயலிகளில் முகவரியை ஒட்டும்போது அந்த மாற்றுரு வெளிப்பட்டு, பார்ப்பவரை மிரளவைக்கும். தமிழ்ப் பெயரை ஆசையோடு பதிந்துகொள்ளுங்கள். கூடவே எளிய ஆங்கில எழுத்துப் பெயர் ஒன்றையும் வைத்திருந்து, இரண்டையும் ஒரே தளத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

கேள்வி: தளம் அமைத்து நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் போதும், எச்டிஎம்எல் கற்பது வீண் என்கிறார் நண்பர். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: எத்தனை முறை, எத்தனை பேர் எழுதப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பத்திருபது பக்கங்கள், எப்போதாவது ஒரு திருத்தம் என்றால் கையால் எழுதிய எச்டிஎம்எல் கோப்புகளையே நான் பரிந்துரைப்பேன். அவற்றை கிட்ஹப் பேஜஸ் போன்ற சேவைகளில் கட்டணமில்லாமல் வெளியிடலாம். தளத்தின் அளவு 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும் என்பதும், வணிகம் நடத்தும் தளங்களுக்கு அது உரியதன்று என்பதும் அங்குள்ள கட்டுப்பாடுகள். உங்கள் சொந்த டொமைன் பெயரையும் அதில் இணைத்துக்கொள்ளலாம். இத்தகைய தளத்தில் உடைத்து நுழைய உள்ளே மென்பொருள் எதுவும் இல்லை. பல மாதம் திரும்பிப் பார்க்காவிட்டாலும் பழுதாகாது.

வாரந்தோறும் கட்டுரை வெளிவரும், நாலைந்து பேர் சேர்ந்து எழுதுவார்கள், வாசகர் கருத்துகளும் தேடல் பெட்டியும் வேண்டும் என்றால் வேர்ட்பிரஸ் நல்ல தேர்வு. 2003இல் தொடங்கிய இந்தக் கட்டற்ற மென்பொருளை யாரும் இலவசமாக எடுத்துக்கொண்டு, பிஎச்பி என்ற நிரல்மொழியும் தரவுத்தளமும் உள்ள எந்த ஹோஸ்டிங்கிலும் நிறுவலாம். டாட் ஆர்க் என்று முடியும் வேர்ட்பிரஸ் தளத்தில் கிடைப்பது இந்த மென்பொருள். டாட் காம் என்று முடிவது, இதை நிறுவித் தானே நடத்தித் தரும் ஒரு நிறுவனத்தின் சேவை. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். நீங்களே நிறுவினால் பராமரிப்பும் உங்கள் பொறுப்பு: மென்பொருளையும், அதோடு கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் செருகுநிரல்களையும் தவறாமல் புதுப்பித்து, பயன்படுத்தாத செருகுநிரல்களை நீக்கிவிட வேண்டும். தாக்குதல்கள் பெரும்பாலும் புதுப்பிக்காத செருகுநிரல்கள் வழியாகத்தான் நுழைகின்றன.

நண்பர் சொல்வதில் ஒன்றை மட்டும் ஏற்க மாட்டேன். எச்டிஎம்எல் கற்பது எந்த வழியிலும் வீணாகாது. வேர்ட்பிரஸில் ஒரு பத்தி கோணலாக நிற்கும்போது, அது ஏன் என்று பார்த்துத் திருத்த அந்த அறிவுதான் உதவும். மொசில்லாவின் எம்டிஎன் தளத்தில் தொடக்கநிலைப் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

கேள்வி: என் கணினியில் படங்கள் எல்லாம் சரியாகத் தெரிந்தன. சர்வரில் ஏற்றியதும் பாதிப் படங்கள் காணவில்லை, மீதிப் படங்கள் திறக்க வெகுநேரம் ஆகிறது.

பதில்: படம் கிடைக்காததற்குக் காரணம் பெரும்பாலும் கோப்பின் பெயர்தான். கேமராவிலிருந்து வரும் படங்களின் பெயர் ஜேபிஜி என்று பெரிய எழுத்தில் முடிந்திருக்கும். பக்கத்தில் நீங்கள் சிறிய எழுத்தில் எழுதியிருப்பீர்கள். விண்டோஸ் கணினி இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். பெரும்பாலான சர்வர்கள் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் இயங்குகின்றன. அங்கே இரண்டும் வேறு வேறு கோப்புகள். நான் முதன்முதலில் ஏற்றிய தளத்தில் இதே பிழையைக் கண்டுபிடிக்க ஒரு முழு இரவு விழித்திருந்தேன். அன்றிலிருந்து கோப்புப் பெயர்களைச் சிறிய ஆங்கில எழுத்துகளில், இடைவெளி இல்லாமல், சொற்களுக்கு நடுவே சிறுகோடு இட்டு மட்டுமே எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு: படத்தின் முகவரியில் உங்கள் கணினியின் 'சி' என்ற வட்டின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த முகவரி உங்கள் வீட்டுக்கு வெளியே யாருக்கும் பொருள்படாது. படம் இருக்கும் கோப்புறையின் பெயரையும் கோப்பின் பெயரையும் மட்டும் எழுத வேண்டும்.

தாமதத்துக்குக் காரணம் அளவு. கைப்பேசி எடுக்கும் படம் 4000 பிக்சல் அகலமும் பல எம்பி எடையும் இருக்கும். பக்கத்தில் அது தெரியும் அகலம் 800 பிக்சல் என்றாலும், வாசகர் முழுப் படத்தையும் பதிவிறக்கியே ஆக வேண்டும், அதற்கான டேட்டா அவருடைய கைக்காசு. ஏற்றுவதற்கு முன் 1200 பிக்சல் அளவுக்குச் சுருக்கி, முடிந்தால் வெப்பி என்ற எடை குறைந்த பட வடிவத்துக்கு மாற்றுங்கள். பெரும்பாலான படங்கள் 200 கேபிக்குள் அடங்கிவிடும். படம் காட்டுவதைச் சொல்லும் ஒரு வரியை ஐஎம்ஜி குறியின் 'ஆல்ட்' பண்பில் எழுத மறவாதீர்கள்.

கேள்வி: என் தளத்தைத் திறந்தால் 'பாதுகாப்பற்றது' என்று உலாவி எச்சரிக்கிறது. தளத்தில் வெறும் கவிதைகள்தான் இருக்கின்றன!

பதில்: 2018 முதல், எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்கப்பட்ட இணைப்பு இல்லாத எல்லாத் தளங்களையும் குரோம் உலாவி அப்படித்தான் குறிக்கிறது. கவிதையானாலும் சரி, அது வழியில் யாராலும் மாற்றப்படாமல் வாசகரிடம் சேர்வதற்கு அந்த மறையாக்கம் தேவை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு 2015 முதல் இதற்கான சான்றிதழை இலவசமாக வழங்கிவருகிறது. பல ஹோஸ்டிங் கணக்குகளில் ஒரு பொத்தானை அழுத்தினாலே அது நிறுவப்பட்டு, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். இதற்குத் தனியாகப் பெருந்தொகை கேட்டால், ஏன் என்று கேளுங்கள்.

கேள்வி: தளம் வெளியாகி இரண்டு வாரம் ஆகிறது. கூகுளில் தேடினால் வரவில்லை. முதலிடத்தில் கொண்டுவருவதாக ஒருவர் பணம் கேட்கிறார்.

பதில்: பணம் கொடுக்க வேண்டாம். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. தேடல் பெட்டியில் 'சைட்' என்ற சொல், ஒரு முக்காற்புள்ளி, அதை ஒட்டி உங்கள் முகவரி என எழுதித் தேடுங்கள். ஏதாவது வந்தால் கூகுளுக்கு உங்கள் தளம் தெரியும். எதுவும் வராவிட்டால் கூகுளின் இலவச சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிந்து, பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பை ஒப்படையுங்கள். வேர்ட்பிரஸ் என்றால், தேடுபொறிகளைத் தடுக்கும் அமைப்பு தவறுதலாக இயங்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அதன்பின் பக்கத் தலைப்புகளைக் கவனியுங்கள். எல்லாப் பக்கங்களுக்கும் 'முகப்பு' என்றே தலைப்பிட்டிருந்தால் எந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று தேடுபொறிக்கும் தெரியாது, தேடுபவருக்கும் தெரியாது. ஒரு மாணவர் என்ன சொல்லித் தேடுவார் என்று யோசித்து, 'நான்காம் வேற்றுமை: உருபும் பொருளும்' என்பதுபோல ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு எழுதுங்கள். புதிய தளத்தைத் தேடுபொறி கண்டுகொள்ளச் சில வாரங்கள் ஆவது இயல்பே.

கேள்வி: இலவசச் சேவை ஒன்றில் பத்தாண்டாக எழுதிவருகிறேன். அந்தச் சேவையை ஒருநாள் மூடிவிட்டால் என் எழுத்து என்ன ஆகும்?

பதில்: உங்களிடம் பிரதி இல்லையென்றால் எழுத்தும் போய்விடும். 1994இல் தொடங்கி, கோடிக்கணக்கான தனிமனிதப் பக்கங்களுக்கு வீடாக இருந்த ஜியோசிட்டிஸ் சேவையை 2009 அக்டோபரில் யாஹூ மூடியது. தன்னார்வலர்கள் ஓடியோடிக் காப்பாற்றியவை மட்டுமே மிஞ்சின. பிரதி வைத்திராத எத்தனையோ பேரின் பக்கங்கள் அழிந்துபோயின.

அந்தச் சேவையின் அமைப்புகளுக்குள் ஏற்றுமதி அல்லது காப்புப் பிரதி என்ற வசதி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் முழுவதையும் இறக்கி, ஒன்றைக் கணினியிலும் இன்னொன்றை வேறிடத்தில் இருக்கும் வன்தட்டிலும் வையுங்கள். இறக்கிய கோப்பைத் திறந்து, பழைய கட்டுரை ஒன்றையும் புதிய கட்டுரை ஒன்றையும் தேடிப் படித்துப் பார்க்க வேண்டும். படங்கள் வந்திருக்கின்றனவா, தமிழ் எழுத்து சிதையாமல் இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள். நீங்களே நிறுவிய வேர்ட்பிரஸ் என்றால் கோப்புகளை மட்டும் இறக்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கட்டுரைகள் இருப்பது தரவுத்தளத்தில், அதையும் சேர்த்து எடுக்க வேண்டும்.